52 பேர் உள்ள பிரிவில் கடைசி மாணவர்களின் மார்க் மட்டும் சேமிக்கப்படுவதில்லை (பிஎச்பி படிவம்)

பள்ளிக்கணினி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு பள்ளிக்கு மதிப்பெண் பதிவு செய்ய ஒரு சின்ன செயலி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிஎச்பி, மைஎஸ்கியூஎல், ஷேர்டு ஹோஸ்டிங். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே பக்கம். மாணவருக்கு ஒரு வரிசை. ஐந்து பாடம், பாடத்துக்கு நான்கு தேர்வு, ஆக வரிசைக்கு 20 கட்டங்கள். அதோடு மாணவரின் பதிவு எண் மறைபுலமாக (திரையில் தெரியாத புலமாக) ஒன்று. பக்கத்தின் மேலே டோக்கனும் (கோரிக்கை நம் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியச் சரம்) பிரிவு எண்ணும் மறைபுலங்களாக இருக்கின்றன. ஆசிரியர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுக் கீழே ஒரே ஒரு முறை ‘சேமி’ அழுத்துவார்.

பத்தாம் வகுப்பின் மற்ற பிரிவுகளில் 40, 42 பேர். அங்கே ஒரு தொல்லையும் இல்லை. ‘இ’ பிரிவில் 52 பேர். அங்கே 47ஆவது மாணவர் வரை எல்லாம் சரி. 48ஆவது மாணவருக்குத் தமிழும் ஆங்கிலமும் முழுசாக வருகிறது, கணிதத்தில் முதல் இரண்டு தேர்வு மட்டும் வருகிறது. அதற்கு மேல் எதுவுமே இல்லை. ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்ற செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. ஆசிரியர் மறுபடி டைப் செய்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. எங்கே பார்ப்பது?

---

மதுரைவலை எழுதியது:

சேமிக்கும் லூப் பாதியில் நின்றுபோகிறதோ? ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்துக்கு வரம்பு வைத்திருப்பார்கள். ஆயிரத்துச் சொச்சம் இன்சர்ட் என்றால் நேரம் முடிந்திருக்கலாம்.

---

நிரலரசி எழுதியது:

நேரப் பிரச்சினையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கும், வெற்றிச் செய்தியும் வந்திருக்காது. இது எப்போதும் ஒரே கட்டத்தில் நிற்கிறது. அப்படியென்றால் ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டிருக்கிறது. நாமும் எண்ணிப் பார்ப்போம்.

ஒரு வரிசைக்கு 21 புலம். 47 மாணவர்களுக்கு 987. மேலே உள்ள இரண்டு மறைபுலத்தையும் சேர்த்தால் 989. 48ஆவது மாணவருக்குப் பதிவு எண் 1, தமிழ் 4, ஆங்கிலம் 4, கணிதம் 2, ஆக 11. கூட்டினால் சரியாக 1000.

பிஎச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இயல்புநிலை 1000. ஒரு கோரிக்கையில் அதற்கு மேல் புலங்கள் வந்தால், முதல் ஆயிரத்தை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். லாகில் ஓர் எச்சரிக்கை எழுதும், அவ்வளவுதான். உங்கள் ஸ்கிரிப்டுக்கு எதுவும் தெரியாது. கையில் வந்ததைச் சேமித்துவிட்டு வெற்றி என்று சொல்லும்.

உறுதிசெய்ய இரண்டு இடத்தில் பாருங்கள். பிரௌசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அனுப்பப்பட்ட படிவத் தரவில் 52ஆவது மாணவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருப்பார். அப்புறம் சர்வரின் எரர் லாகைத் திறந்து, உள்ளீட்டு மாறிகள் 1000ஐத் தாண்டியதாக எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். படிவத் தரவு சம்பந்தப்பட்ட எந்தப் பிழைக்கும் எனக்கு இதுதான் வழி: பிரௌசர் அனுப்பியது எது, ஸ்கிரிப்டின் கைக்கு வந்தது எது, டேபிளில் உட்கார்ந்தது எது? மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் கோடில் கை வைக்காதீர்கள்.

---

பள்ளிக்கணினி எழுதியது:

அக்கா, அதேதான்! பிரௌசரிலிருந்து 52 பேரும் போகிறார்கள். லாகில் நீங்கள் சொன்ன எச்சரிக்கை வரிசையாக நிற்கிறது. மிக்க நன்றி.

ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே இந்த வரம்பை 5000 ஆக்கிப் பார்த்தேன். மாற்றமில்லையே?

---

ஹோஸ்டிங்கண்ணன் எழுதியது:

ஸ்கிரிப்டுக்குள் மாற்றிப் பயனில்லை தம்பி. உங்கள் முதல் வரி ஓடுவதற்கு முன்பே பிஎச்பி படிவத்தைப் பிரித்து முடித்துவிடும். பிஎச்பி டாட் ஐஎன்ஐ கோப்பில் மாற்ற வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் அதைத் தொட முடியாது என்றால், பெரும்பாலும் கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி அமைப்புகள் என்று ஒரு பக்கம் இருக்கும். இல்லையென்றால் ஃபோல்டருக்குள் டாட் யூசர் டாட் ஐஎன்ஐ கோப்பு ஒன்றை வைத்து அதில் எழுதலாம். அந்தக் கோப்பை பிஎச்பி ஐந்து நிமிடம் வரை நினைவில் வைத்திருக்கும், உடனே மாறவில்லை என்று பதறாதீர்கள். 3000 வைத்தால் போதும், வேலை முடிந்தது.

---

சர்வர்த்துறை எழுதியது:

முடிந்தது என்று அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட வேண்டாம். அந்த ஆயிரம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டு மாற்றுவது நல்லது.

2011 டிசம்பர் கடைசியில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு தாக்குதலைச் செய்துகாட்டினார்கள். படிவத்தில் வரும் புலப் பெயர்களை மொழிகள் ஹாஷ் டேபிளில் (பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணைக் கொண்டு மதிப்பைத் தேடும் அமைப்பில்) வைக்கின்றன. எல்லாப் பெயர்களும் ஒரே ஹாஷ் மதிப்புக்கு வரும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து அனுப்பினால், ஒவ்வொரு புதிய பெயரையும் முன்னால் உள்ள அத்தனையோடும் ஒப்பிட வேண்டியிருக்கும். புலங்கள் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்கு. சில மெகாபைட் படிவம் ஒன்றே ஒரு சர்வரின் சிபியுவைப் பல நிமிடங்கள் பிடித்துவைக்கப் போதும். பிஎச்பி, ஜாவா, பைத்தான், ரூபி, ஏஎஸ்பி டாட் நெட் என்று பலதும் ஒரே நேரத்தில் மாட்டின. மைக்ரோசாஃப்ட் ஆண்டு முடிவதற்குள் அவசரத் திருத்தம் வெளியிட்டது. பிஎச்பி 2012 ஜனவரியில் வந்த 5.3.9 பதிப்பில் இந்த 1000 வரம்பைக் கொண்டுவந்தது.

வரம்பு எல்லா இடத்திலும் உண்டு. பைத்தானின் ஜாங்கோவில் இயல்புநிலை 1000 புலம், ஜாவாஸ்கிரிப்டின் எக்ஸ்பிரஸிலும் 1000தான். வித்தியாசம் மீறும்போது என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. ஜாங்கோ 400 என்ற பிழை எண்ணோடு முழுக் கோரிக்கையையும் மறுத்துவிடும். எக்ஸ்பிரஸும் 413 கொடுத்து மறுத்துவிடும். பிஎச்பி பாதியை வெட்டிவிட்டு, மீதியை முழுத் தரவு போல உங்களிடம் நீட்டும். படிவம் விஷயத்தில் பிஎச்பியிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். மறுத்தால் ஆசிரியர் அன்றைக்கே போன் செய்வார். வெட்டினால் மதிப்பெண் பட்டியல் வீட்டுக்குப் போன பிறகு ஒரு பெற்றோர்தான் கண்டுபிடிப்பார்.

3000 என்று உயர்த்தினால் தாக்குதல் ஆபத்து பெரிதாக அதிகரிக்காது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடுத்த வருஷம் தேர்வு எண்ணிக்கை கூடும், ஹோஸ்டிங் மாறும், யாரோ அந்த ஐஎன்ஐ கோப்பைக் கொண்டுபோக மறப்பார்கள். மறுபடி இதே பிழை, இதே வெற்றிச் செய்தி.

---

நிரலரசி எழுதியது:

ஆமாம். வரம்பை உயர்த்துங்கள், கூடவே தரவு குறைவாக வந்தால் கண்டுபிடிக்கும் வேலையையும் செய்யுங்கள்.

முதலாவது, படிவத்தின் ஆகக் கடைசியில், சேமி பட்டனுக்குச் சற்று மேலே, ‘முடிவு’ என்று ஒரு மறைபுலம் வையுங்கள். சர்வரில் முதல் சோதனை அது வந்திருக்கிறதா என்பதாக இருக்கட்டும். வரவில்லை என்றால் எதையும் சேமிக்காமல் ‘தரவு முழுமையாக வரவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். இரண்டே வரி கோடு.

அதைவிட முக்கியமானது, யார் யாருக்கு மார்க் வர வேண்டும் என்பதைப் படிவத்திடம் கேட்காதீர்கள். உங்கள் கோட் இப்போது வந்த வரிசைகளின் மேல் லூப் போடுகிறது என்று நினைக்கிறேன். திருப்பிப் போடுங்கள். பிரிவின் 52 மாணவர்களையும் டேபிளிலிருந்து எடுத்து, அவர்கள் மேல் லூப் போட்டு, ஒவ்வொருவருக்கும் படிவத்தில் மதிப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வராதவர் யார் என்று பெயரோடு தெரியும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மறைபுலத்தில் உள்ள பதிவு எண்ணைப் பிரௌசரில் யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். வந்த எண்ணை அப்படியே நம்பினால், ‘அ’ பிரிவு ஆசிரியரின் கணக்கிலிருந்து ‘இ’ பிரிவு மாணவரின் மார்க்கைத் திருத்த முடியும். பட்டியல் உங்களுடையதாக இருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். அந்தப் பிரிவைத் தொட இந்த ஆசிரியருக்கு அனுமதி உண்டா என்ற சோதனையும் அதே இடத்தில் வரட்டும்.

எல்லா வரிசையையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். ஒன்று தவறினாலும் எதுவும் ஏறக் கூடாது.

---

மதுரைவலை எழுதியது:

இந்த லூப் விஷயத்தில் நானும் ஒன்று சேர்க்கிறேன். வருகைப் பதிவுப் படிவம் ஒன்றில் பார்த்தது. மாணவர் எண்ணுக்கு வெற்று அடைப்புக்குறி [] போட்ட பெயர், ‘வரவில்லை’ என்ற டிக் பெட்டிக்கும் வெற்று அடைப்புக்குறி போட்ட பெயர். சேமிக்கும்போது முதல் எண்ணோடு முதல் டிக், இரண்டாவதோடு இரண்டாவது என்று ஜோடி சேர்த்திருந்தார்கள். டிக் செய்யாத பெட்டியைப் பிரௌசர் அனுப்பவே அனுப்பாது. அதனால் 7ஆம், 19ஆம் எண் மாணவர்கள் விடுப்பு என்றால் இரண்டே இரண்டு டிக்தான் சர்வருக்கு வரும். அவை வரிசையில் முதல் இருவர் தலையில் ஏறின. பள்ளிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு ‘வரவில்லை’ என்று எஸ்எம்எஸ் போனது. அடைப்புக்குறிக்குள் மாணவரின் பதிவு எண்ணையே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே கிடையாது.

டிசேபிள் செய்த புலமும் வராது. ரீட்-ஒன்லி வரும். பெயர் இல்லாத புலமும் வராது.

---

பள்ளிக்கணினி எழுதியது:

லூப்பைத் திருப்பிப் போட்டுவிட்டேன். ‘முடிவு’ புலமும் வைத்தாயிற்று. அடைப்புக்குறியில் ஏற்கெனவே பதிவு எண்தான் இருந்தது, நல்லவேளை.

இப்போது காலியாக விட்ட கட்டம் டேபிளில் 0 என்று ஏறுகிறது. காலி என்றால் விட்டுவிடு என்று எம்ப்டி சோதனை போட்டேன். உடனே உண்மையிலேயே 0 வாங்கிய மாணவரின் மார்க் ஏறவில்லை.

---

நிரலரசி எழுதியது:

படிவத்திலிருந்து வருவதெல்லாம் எழுத்துச் சரம்தான். எண் கட்டம் என்று எச்டிஎம்எல்லில் போட்டாலும் சர்வருக்கு அது சரமாகத்தான் வரும். வெற்றுச் சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் பிஎச்பி 0 தரும். எம்ப்டி என்பதோ ‘0’ என்ற சரத்தையும் காலி என்றே எண்ணும். இரண்டும் இந்த இடத்துக்கு உதவாது.

உங்களுக்கு நான்கு நிலைகள் இருக்கின்றன. புலமே வரவில்லை, அது பிழை. வெற்றுச் சரம் வந்தது, ஆசிரியர் இன்னும் போடவில்லை, டேபிளில் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை) ஆகட்டும். ‘ஆப்சென்ட்’, அதற்குத் தனி நெடுவரிசை வையுங்கள், மார்க் நெடுவரிசையில் மைனஸ் ஒன்று போடும் பழக்கம் வேண்டாம், சராசரி எடுக்கும்போது கடித்துவிடும். கடைசியாக எண். முன்பின் இடைவெளியை நீக்கிவிட்டு, வெற்றுச் சரமா என்று மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் எண்தானா, 0 முதல் அந்தத் தேர்வின் உச்ச மார்க் வரையா என்று பாருங்கள். 18.5 அனுமதியா என்பதைப் பள்ளியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களே ரவுண்டு செய்யாதீர்கள்.

பிரௌசரில் போட்ட உச்ச வரம்பு ஆசிரியரின் வசதிக்கு. அதை நம்பிச் சர்வரில் சோதிக்காமல் விடக் கூடாது. ஒரு குழந்தைக்கு ‘இன்னும் போடவில்லை’ என்பதும் ‘பூஜ்யம்’ என்பதும் வேறு வேறு. அதை மென்பொருள் கலக்கிவிட்டால், திட்டு வாங்குவது அந்தக் குழந்தை.

---

தூத்துக்குடியான் எழுதியது:

பெயர்ப் புலம் இருந்தால் அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கம் டி'குரூஸ், டி'சோசா என்று மேற்கோள் குறி உள்ள பெயர்கள் நிறைய. பழைய செயலிகளில் டி\'குரூஸ் என்று சாய்கோட்டோடு சான்றிதழே அச்சாகியிருக்கும். பிஎச்பி ஒரு காலத்தில் மேஜிக் கோட்ஸ் என்று தானாகவே சாய்கோடு சேர்த்தது. 2012இல் வந்த 5.4 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆட்ஸ்லாஷஸ் (சாய்கோடு சேர்க்கும் பிஎச்பி கட்டளை) போட்டு எஸ்கியூஎல்லில் ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. மதிப்பை எஸ்கியூஎல் சரத்துக்குள் ஒட்டவே ஒட்டாதீர்கள். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் தனியாகக் கொடுங்கள். பெயர் வந்தபடியே டேபிளில் இருக்கட்டும், பக்கத்தில் காட்டும்போது மட்டும் எச்டிஎம்எல்லுக்காக எஸ்கேப் செய்யுங்கள்.

---

பள்ளிக்கணினி எழுதியது:

பிரிப்பேர்டுதான் பயன்படுத்துகிறேன் அண்ணா. பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழில் பெயர் போட ஒரு கட்டம் இருக்கிறது. எழுத்துகள் மட்டும் வரலாம் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் யூனிகோட் எல் (எழுத்து) வகை போட்டேன். ‘கமல’ ஏறுகிறது, ‘கோமதி’ ஏறவில்லை. ஆஃபீஸிலிருந்து வரும் எக்செல் பட்டியலோடு பிஎச்பியில் ஒப்பிடும்போதும் சில பெயர்கள் பொருந்துவதில்லை, கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

---

சர்வர்த்துறை எழுதியது:

இரண்டு வேறு பிரச்சினை.

யூனிகோடில் க, ம, த எல்லாம் எல் வகை. கொம்பு, கால், சுழி, புள்ளி எல்லாம் எம் வகை, அதாவது குறிகள். எல் மட்டும் போட்டால் உயிரெழுத்தும் அகரம் ஏறிய உயிர்மெய்யும் மட்டும் தேறும், புள்ளி வைத்த எழுத்தோ துணைக்குறி உள்ள எழுத்தோ தேறாது. எல், எம் இரண்டையும் அனுமதியுங்கள். இடைவெளி, இனிஷியலுக்கான புள்ளி, மேற்கோள் குறி ஆகியவற்றையும் சேருங்கள். குடும்பப் பெயர் என்று கட்டாயப் புலம் வைக்காதீர்கள். வைத்தால் பாதிப் பேர் அதில் வெறும் புள்ளி போட்டு வைப்பார்கள்.

அடுத்தது பொருந்தாத பெயர்கள். ‘கோ’வை இரண்டு விதமாகக் கணினியில் வைக்கலாம். க, அதன்பின் ஓகாரக் குறி ஒன்று. அல்லது க, ஏகாரக் குறி, கால் என்று மூன்று. திரையில் இரண்டும் ஒன்றே. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தும் குறியும் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், முதல் வகைக் ‘கோமதி’ 15 பைட், இரண்டாவது 18 பைட். ஸ்டிர்லென் போட்டுப் பாருங்கள், பொருந்தாத பெயர்களில் இந்த வித்தியாசம் தெரியும். கொ, கௌ வரிசைகளிலும் இதே கதை. பிஎச்பியின் இன்டல் நீட்சியில், இப்படிப்பட்ட வடிவங்களை ஒரே வடிவமாக்கும் நார்மலைசர் இருக்கிறது. படிவத்தில் வந்தவுடன் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கிய) வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். எக்செல்லிலிருந்து வருவதையும் அப்படியே செய்யுங்கள். ‘ஸ்ரீ’ மட்டும் விதிவிலக்கு. அதை ஸ வைத்தும் எழுதுகிறார்கள், ஶ வைத்தும் எழுதுகிறார்கள், என்எஃப்சி அந்த இரண்டையும் ஒன்றாக்காது. அதற்குத் தனியாக மாற்று வரி எழுத வேண்டும்.

டேபிளில் பழைய பெயர்கள் சில த என்கிற மாதிரி எண்களாக நிற்கின்றனவா என்றும் பாருங்கள். பக்கத்தின் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று அறிவிக்காத காலத்தில் போட்ட தமிழை, பிரௌசர் இப்படி எண்ணாக மாற்றித்தான் அனுப்பியிருக்கும்.

---

ஹோஸ்டிங்கண்ணன் எழுதியது:

நான் சொன்ன 3000ஐப் பற்றி எல்லோரும் சொன்னதைப் படித்தேன், சரிதான். ஆனால் இவ்வளவு பெரிய பக்கமே தேவையா? பாடத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் வரிசைக்கு 5 புலம், 52 பேருக்கு 260. வரம்பைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு பாட ஆசிரியரும் தன் பாடத்தைத்தானே போடப் போகிறார்?

---

நிரலரசி எழுதியது:

அது நல்ல வழி, பள்ளியில் வேலை நடக்கும் முறைக்கும் பொருந்தும். வேர்ட்பிரஸின் மெனு எடிட்டரும் ஒரு காலத்தில் இதே ஆயிரம் வரம்பில் மாட்டியது, பிறகு எல்லாவற்றையும் ஒரே ஜேசான் புலமாக அனுப்பும்படி மாற்றினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் வரிசைக்கு வரிசை தானாகச் சேமிக்கவும் செய்யலாம்.

சின்னப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். பிஎச்பி செஷனின் இயல்பு ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஆயிரம் கட்டத்தை நோட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்பும் ஆசிரியர் அதற்குள் முடிக்க மாட்டார். சேமி அழுத்துவார், லாகின் பக்கம் வரும், போட்டதெல்லாம் போய்விடும். அப்படி ஒரு மாலைப் பொழுதை ஓர் ஆசிரியரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை.

சேமித்து முடித்ததும் அதே கோரிக்கையில் பக்கத்தைக் காட்டாமல் 303 கொடுத்து வேறு முகவரிக்கு அனுப்புங்கள். ரெஃப்ரெஷ் செய்தால் மறுபடி போகாது. மார்க் டேபிளில் மாணவர், பாடம், தேர்வு மூன்றும் சேர்ந்து யூனிக் ஆக இருந்தால் இரண்டு முறை போனாலும் கெடுதல் இல்லை. கட்டண ரசீது மாதிரிப் படிவத்தில் ஒரு தடவை மட்டும் செல்லும் டோக்கன் கட்டாயம் வேண்டும்.

---

பள்ளிக்கணினி எழுதியது:

பாடவாரியாகப் பிரித்துவிட்டேன். என்எஃப்சி மாற்றமும் போட்டாயிற்று, கோமதி பொருந்துகிறது. 303, யூனிக் இரண்டும் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. போன பருவத்தில் இப்படி வெட்டுப்பட்ட மார்க்குகளை எப்படிக் கண்டுபிடிப்பது? காலிக் கட்டத்தை 0 ஆக ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது.

---

சர்வர்த்துறை எழுதியது:

வெட்டு எங்கே விழுந்திருக்கும் என்பது கணக்கிலேயே தெரிகிறது. 47 பேருக்கு மேல் உள்ள பிரிவுகளை மட்டும் எடுங்கள். அவற்றில் படிவ வரிசைப்படி 48ஆவது மாணவரின் கணிதம் மூன்றாம் தேர்வு தொடங்கி, கடைசி மாணவர் வரை மார்க் வரிசையே இல்லாதவர்களைத் தேடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் புலமே வரவில்லை, உங்கள் பழைய லூப் அங்கே போகவே இல்லை, அதனால் 0 கூட ஏறியிருக்காது. 0 உள்ளவை தனிப் பட்டியல். அவை காலியா, உண்மைப் பூஜ்யமா என்று டேபிளை வைத்துச் சொல்ல முடியாது. ஆசிரியரின் மார்க் நோட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

---

பள்ளிக்கணினி எழுதியது:

தேடிப் பார்த்தேன். ‘இ’ பிரிவோடு ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவும் சிக்கியது. இரண்டு பட்டியலையும், 0 உள்ளவர்களின் பட்டியலையும் அச்செடுத்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். வகுப்பாசிரியர்கள் நோட்டைப் பார்த்துத் திருத்துகிறார்கள். திருத்திய மதிப்பெண் பட்டியலைப் பெற்றோருக்கு மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள்.